விசுவமடு வளவில் வைஃபை: மெஷ் வாங்குவதா, வயர் இழுப்பதா?

வேம்படி (விசுவமடு)

எல்லோருக்கும் வணக்கம். அரை ஏக்கர் வளவு. முன்னால் வீட்டுத்திட்டத்தில் கட்டிய 550 சதுர அடி வீடு. அதன் முன்னறை ஜன்னலில் 4ஜி ரவுட்டர் இருக்கிறது. பின்னால், கிணற்றடி தாண்டி, அண்ணா பிறகு கட்டிய இரண்டு அறைகள். இடையில் தனிக் குசினி, அரைச்சுவர் கல், அதற்கு மேல் தகரம்.

நான் தரம் 11 பிள்ளைகளுக்கு இணையவழியில் கணிதம் படிப்பிக்கிறேன். முன்வீட்டில் ஆட்கள் நடமாட்டம் அதிகம் என்பதால் பின்னறையில் இருந்துதான் வகுப்பு எடுக்க வேண்டும். அங்கே தொடர்பு அடிக்கடி அறுகிறது. ஒரு கணக்கின் நடுவில் அறுந்தால் பிள்ளைகள் அந்தப் படியைத் தவறவிடுகிறார்கள், திரும்ப அதையே சொல்ல நேரம் போதுவதில்லை. இன்னொரு பக்கம், அம்மா சமைத்துக்கொண்டே கனடாவில் இருக்கும் தம்பியுடன் கதைப்பார். குசினிக்குள் போனவுடன் படம் நின்றுவிடும்.

நகரில் ஒரு கடையில் கேட்டேன், பிளக்கில் செருகும் எக்ஸ்டெண்டர் ஒன்று போதும் என்றார்கள். அடுத்த கடையில் மூன்று பெட்டி மெஷ், அதாவது வளவின் பல இடங்களில் வைத்து ஒரே வைஃபையாக ஓடுகிற பெட்டிகள், வாங்கச் சொன்னார்கள். விலையில் பல மடங்கு வித்தியாசம். இரண்டும் செய்கிற வேலை ஒன்றுதானா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பாலைநிழல் (ஒட்டுசுட்டான்)

எக்ஸ்டெண்டர் போதும் அக்கா. எங்கள் வீட்டில் நீண்ட காலமாகப் பாவிக்கிறோம், ஒரு குறையும் இல்லை. மெஷ் என்று பெரிய தொகையைச் செலவழிக்காதீர்கள்.

கரைச்சி_நெட் (கிளிநொச்சி)

தங்கச்சி, கடைக்குப் போகும் முன் இரண்டு அளவை எடுத்துப் போடுங்கள். இவை இல்லாமல் யார் ஆலோசனை சொன்னாலும் அது ஊகம்தான்.

முதலாவது, ரவுட்டருக்குப் பக்கத்தில் நின்று வேகம் பாருங்கள். அதே நேரத்தில் பின்னறையிலும் பாருங்கள். ரவுட்டருக்கு அருகிலேயே 2, 3 மெகாபிட்தான் வருகிறது என்றால் பிரச்சினை வைஃபையில் இல்லை, கோபுரத்தில் இருந்து ரவுட்டருக்கு வரும் வழியில் இருக்கிறது. அப்போது எத்தனை மெஷ் பெட்டி வைத்தாலும் அந்த 2, 3 மெகாபிட்தான் வளவெங்கும் சுற்றும். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் ஆர்எஸ்ஆர்பி என்று ஓர் எண் காட்டும், கோபுரத்தின் சிக்னல் எவ்வளவு வலுவாக வருகிறது என்பதன் அளவு. அது மைனஸ் 90க்குள் இருந்தால் நல்லது. மைனஸ் 110ஐ நெருங்கினால் முதலில் ரவுட்டரை இடம் மாற்றி, உயர்த்தி வைத்துப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, போனில் வைஃபை அனலைசர் போன்ற ஒரு செயலியை இறக்கி வீட்டுக்குள், பின்விறாந்தையில், குசினியில், பின்னறையில் வைஃபை சிக்னலின் வலுவைச் சொல்லும் டிபிஎம் எண்ணைக் குறியுங்கள். எல்லாம் மைனஸில்தான் வரும். மைனஸ் 50 மிக நன்று. மைனஸ் 67 வரை வீடியோ அழைப்புக்குப் போதும். மைனஸ் 80 தாண்டினால் தொடர்பு இருப்பதுபோலக் காட்டும், வேலை செய்யாது. முன்வீட்டுக்கும் பின்னறைக்கும் இடையிலான தூரத்தையும் சொல்லுங்கள்.

வேம்படி

நன்றி அண்ணா. எடுத்துவிட்டேன்.

ரவுட்டர் பக்கத்தில் 22 மெகாபிட், ஆர்எஸ்ஆர்பி மைனஸ் 88. பின்விறாந்தையில் மைனஸ் 58. குசினி வாசலில் மைனஸ் 74, உள்ளே அடுப்படியில் மைனஸ் 83. பின்னறையில் மைனஸ் 86, வேகம் 1 மெகாபிட் வந்தால் அதிகம். வைஃபையின் இரண்டு அலைப்பட்டைகளில் அங்கே 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் தெரிகிறது, 5 தெரிவதே இல்லை. தூரம் ஏறக்குறைய 35 மீற்றர்.

கரைச்சி_நெட்

இப்போது தெளிவாகத் தெரிகிறது. கோபுரத்தில் இருந்து வருவது நன்றாக வருகிறது, வளவுக்குள்தான் தொலைகிறது.

எக்ஸ்டெண்டர் தானாக இணையத்தை உண்டாக்குவதில்லை. தனக்கு வந்து சேர்வதைத் திருப்பிச் சொல்கிறது, அவ்வளவுதான். பின்னறையில் சிக்னல் இல்லை என்று பின்னறைச் சுவரிலேயே எக்ஸ்டெண்டரைச் செருகுகிறார்கள். மைனஸ் 86இல் கேட்பதை அது என்னவென்று திருப்பிச் சொல்லும்? உங்கள் போனில் நான்கு கோடும் நிறைந்து காட்டும், வகுப்பு வழக்கம்போல அறும். எக்ஸ்டெண்டரோ மெஷ் பெட்டியோ, சிக்னல் இன்னும் உயிரோடு இருக்கிற இடத்தில் வைக்க வேண்டும், மைனஸ் 60, 65 அளவில். உங்கள் வளவில் அந்த இடம் பின்விறாந்தை.

அடுத்தது வேகம். ஒரே ரேடியோவில் வாங்கி அதே ரேடியோவில் கொடுக்கும் எக்ஸ்டெண்டரில் வேகம் பாதியாகும். ஒரே நேரத்தில் கேட்கவும் பேசவும் அதனால் முடியாது, மாறி மாறித்தான் செய்யும். இரண்டு பட்டை உள்ளதை எடுத்தால் 5 கிகாஹெர்ட்ஸில் ரவுட்டரிடம் வாங்கி 2.4இல் உங்களுக்குக் கொடுக்கலாம், அப்போது இழப்பு குறையும். மெஷ் பெட்டிகளும் அடிப்படையில் இதையேதான் செய்கின்றன. கூடுதலாக, எந்தப் பெட்டிக்கு எந்த வழியால் போவது என்பதை அவை தமக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளும், வளவெங்கும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல். மூன்று ரேடியோ உள்ள விலை கூடிய மெஷ்களில் ஒரு ரேடியோவைப் பெட்டிகள் தமக்குள் பேசுவதற்கென்றே ஒதுக்கிவிடுவார்கள்.

இனி உங்கள் குசினி. அதன் மேற்பாதி தகரம் என்றீர்கள். வைஃபை கல்லுக்குள்ளால் இளைத்து இளைத்தாவது போகும். தகரத்தில் பட்டால் திரும்பிவிடும். குசினி நடுவில் நிற்பதால் பின்னறைக்குப் போகவேண்டியதையும் அது மறித்து நிற்கிறது. கிணற்றடியில் தண்ணீர்த் தொட்டி இருந்தால் அதையும் கவனியுங்கள். நிறைந்த தொட்டி வைஃபையை உறிஞ்சிக்கொள்ளும், மழையில் நனைந்த மாமர இலைகளும் அப்படித்தான். கோடையில் வேலை செய்கிற தொடர்பு மார்கழியில் தள்ளாடுவதற்கு ஒரு காரணம் இது.

என் முடிவு இது. குசினிக்கு, முன்வீட்டின் பின்விறாந்தையில் வைக்கும் ஓர் எக்ஸ்டெண்டர் போதும். பின்னறைக்கு வயர் இழுங்கள். அங்கே வகுப்பு நடக்கிறது, அதைக் காற்றை நம்பி விடாதீர்கள்.

பாலைநிழல்

கரைச்சி அண்ணா சொல்வதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. வேகம் பாதியானாலும் 22இல் பாதி 11. இணையவழி வகுப்புக்கு உயர்தரப் படத்துடனேயே 3 மெகாபிட் அளவுதான் வேண்டும். பின்விறாந்தையில் ஒன்று வைத்து அதுவே பின்னறை வரை போகுமானால் எதற்கு 35 மீற்றர் வயர், பைப், கிடங்கு வெட்டுகிற கூலி? எங்கள் ஊர்களில் காசு அவ்வளவு இலகுவாகக் கிடைப்பதில்லை.

கரைச்சி_நெட்

தம்பி, காசுக் கணக்கு நியாயமானது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வகுப்புக்கு வேகத்தைவிடச் சீர்தான் முக்கியம். 11 மெகாபிட் சராசரியாக வந்து, நடுவில் இரண்டு விநாடி ஒன்றுமே வராமல் போனால் வேகமானி அதைக் காட்டாது. பிள்ளைகளின் காதில் விழும். ஆசிரியர் பக்கத்தில் மேலேற்றும் வழிதான் வேலை செய்கிறது, 4ஜியில் அது இறக்கும் வழியைவிட ஒடுக்கமானது. அந்த ஒடுக்கமான வழியில் நடுவில் இன்னொரு பெட்டியைக் கூட்டினால் தடுமாற்றம் கூடும்.

இருந்தாலும், வாங்கும் எக்ஸ்டெண்டரை முதலில் பின்விறாந்தையில் வைத்துப் பின்னறையில் அளந்து பார்ப்பதில் நட்டமில்லை. மைனஸ் 67க்குள் வந்தால் வயர் வேண்டாம்.

முறிகண்டி_மின் (திருமுறிகண்டி)

வயர் என்றவுடன் சொல்லவேண்டிய ஒன்று இருக்கிறது. மின்னிணைப்பு வேலை செய்பவன் என்ற முறையில் இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன்.

இரண்டு கட்டடங்களுக்கு இடையில் செப்புக் கேபிள் இழுக்காதீர்கள். ஈதர்நெட் கேபிள் 100 மீற்றர் வரை ஓடும் என்பது சரி, 35 மீற்றர் அதற்கு ஒன்றுமே இல்லை. ஆனால் நாங்கள் இருப்பது வன்னியில். பங்குனி சித்திரையிலும் ஐப்பசி கார்த்திகையிலும் பின்னேரம் இருட்டிக்கொண்டு வரும் இடியை எல்லோரும் அறிவோம். மின்னல் வீட்டின் மேல் விழ வேண்டும் என்றுகூட இல்லை. பக்கத்து வளவுப் பனையில் விழுந்தாலும் நிலத்தின் மின்னழுத்தம் முன்வீட்டில் ஓர் அளவாகவும் பின்வீட்டில் வேறோர் அளவாகவும் ஏறும். இரண்டையும் இணைக்கும் செம்பு கிடைத்தால் மின்னோட்டம் அதற்குள்ளால் பாயும். இரண்டு முனையிலும் உள்ள பெட்டிகள் எரியும். கரிந்துபோன துளையோடு ரவுட்டர்களை என்னிடம் கொண்டுவருகிறார்கள். அநேகமாக எல்லாவற்றிலும் கேபிள் செருகும் பக்கம்தான் கருகியிருக்கும், அடப்டர் நன்றாகவே இருக்கும்.

அதனால் கட்டடத்துக்குக் கட்டடம் ஃபைபர் இழுங்கள். கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது. வீடுகளுக்கு ஃபைபர் இணைப்புக் கொடுக்கும்போது பாவிக்கிற அதே மெல்லிய கறுப்பு டிராப் கேபிள், இரண்டு முனையிலும் இணைப்பி பூட்டியதாகவே வாங்கலாம். ஒவ்வொரு முனைக்கும் ஒரு மீடியா கன்வேர்ட்டர் வேண்டும், ஃபைபரின் ஒளியை ஈதர்நெட்டாகவும் ஈதர்நெட்டை ஒளியாகவும் மாற்றும் சிறிய பெட்டி. ஒற்றை இழையில் ஓடுவது என்றால் அவை ஏ, பி என்று சோடியாக வரும். ஒன்று 1310 நானோமீற்றரில் அனுப்பி 1550இல் வாங்கும், மற்றது மறுவளமாக. இரண்டும் ஏ என்று வாங்கி வந்தால் இணைப்பு விளக்கு எரியாது.

டிராப் கேபிளின் ஓரத்தில், தொங்கவிடுவதற்காக ஓர் உருக்குக் கம்பி ஓடும். அதுவும் உலோகம்தான். சுவருக்கு வெளியிலேயே அதைப் பிரித்து வெட்டிவிட்டு இழையை மட்டும் உள்ளே எடுங்கள். உள்ளே உறுதிக்கு வைத்த மெல்லிய கம்பிகளும் உலோகமில்லாத வகையாக இருக்கட்டும், கடையில் கேட்டு வாங்குங்கள்.

மேலால் இழுக்க வேண்டாம். குரங்கு தொங்கும், அணில் கடிக்கும். பிவிசி பைப்புக்குள் விட்டு ஒன்றரை அடி ஆழத்தில் புதையுங்கள். மண்வெட்டி படாத ஓரமாக, வேலிக் கரையோடு கொண்டுபோங்கள். வளைவு வரும் இடத்தில் கூர்முழங்கை பூட்டாமல் பைப்பை மெதுவாக வளைத்துவிடுங்கள், ஃபைபர் மடிந்தால் ஒளி போகாது.

வேம்படி

முறிகண்டி அண்ணா, இதை யாருமே எனக்குச் சொல்லவில்லை. போன கார்த்திகையில் பக்கத்து வீட்டில் தொலைக்காட்சியும் ரவுட்டரும் ஒன்றாகப் போயின. ஃபைபர் என்றால் விலை எட்டாது என்று நினைத்து அந்தப் பக்கமே பார்க்கவில்லை.

ஒரு கேள்வி. பின்னறையில் ஃபைபர் முடியும் இடத்தில் மெஷ் பெட்டிதான் வைக்க வேண்டுமா? அண்ணா பாவித்த பழைய ரவுட்டர் ஒன்று சும்மா கிடக்கிறது.

கரைச்சி_நெட்

பழைய ரவுட்டர் தாராளமாகப் போதும். அதன் அமைப்புக்குள் போய், வைஃபை மட்டும் கொடுக்கும் அக்சஸ் பொயின்ட் என்ற முறைக்கு மாற்றுங்கள். மாற்றாமல் விட்டால் அதுவும் தனியாக முகவரி கொடுக்கத் தொடங்கும், ஒரே வளவுக்குள் இரண்டு வலையமைப்பு உருவாகும். முன்வீட்டில் இருந்து பின்னறை அச்சுப்பொறியைக் காணமுடியாது, சில அழைப்புகளும் சிக்கும். அந்த முறை இல்லாத பழைய பெட்டி என்றால், முகவரி வழங்கும் டிஎச்சிபியை நிறுத்தி, அதன் சொந்த முகவரியை முன் ரவுட்டரோடு மோதாதபடி மாற்றி, கேபிளை லான் (LAN) துளையில் செருகுங்கள். வான் (WAN) துளையில் செருகக் கூடாது.

பெயரும் கடவுச்சொல்லும் முன்வீட்டில் உள்ளதே இருக்கட்டும். 2.4 பட்டையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11. முன்வீடு 1 என்றால் பின்னறைக்கு 11 கொடுங்கள். விறாந்தை எக்ஸ்டெண்டர் முன்வீட்டின் சேனலையே எடுத்துக்கொள்ளும், அதை மாற்ற முடியாது.

துணுக்காய்_ஆசிரியர் (துணுக்காய்)

எக்ஸ்டெண்டர் வாங்கப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பெட்டியில் மெஷ் என்று எழுதியிருந்தால் எல்லா ரவுட்டரோடும் மெஷ் ஆகும் என்று நம்பிவிடாதீர்கள். டிபி-லிங்கின் ஒன்மெஷ் எக்ஸ்டெண்டர், ஒன்மெஷ் உள்ள டிபி-லிங்க் ரவுட்டரோடுதான் அப்படிச் சேரும். அதே கொம்பனியின் டெக்கோ பெட்டிகள் வேறு குடும்பம், இவற்றோடு சேராது. கொம்பனி வேறுபாடில்லாமல் சேர்வதற்கென்று ஈசிமெஷ் என்ற பொது முறையை வைஃபை அலையன்ஸ் 2018இல் கொண்டுவந்தது. ரவுட்டர், எக்ஸ்டெண்டர் இரண்டிலும் அது இருக்க வேண்டும். சேவை வழங்குநர் தருகிற 4ஜி ரவுட்டரில் இவை இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. சேராவிட்டால் சாதாரண எக்ஸ்டெண்டராக ஓடும், அது பழுதல்ல.

மூன்று பெட்டி மெஷ் வாங்குகிறவர்கள் முதற்பெட்டியை 4ஜி ரவுட்டரோடு கேபிளில் இணைத்து, ரவுட்டரின் சொந்த வைஃபையை நிறுத்திவிடுங்கள். இரண்டும் ஓடினால் போன் எதைப் பிடித்திருக்கிறது என்றே தெரியாது.

மின்வெட்டையும் மறக்க வேண்டாம். 2022 பங்குனிக் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் இல்லாமல் இருந்ததை யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். இப்போது அந்த நிலை இல்லை. ஆனாலும் காற்று கொஞ்சம் பலத்தால் எங்கள் பக்கத்தில் மின்சாரம் நிற்கிறது. ரவுட்டருக்கு மட்டும் சிறிய யூபிஎஸ் (மின்சாரம் நின்றாலும் ஓடவைக்கும் பற்றரிப் பெட்டி) பூட்டிவிட்டு எக்ஸ்டெண்டர் சுவர்ப் பிளக்கில் இருந்தால், மின்சாரம் நிற்கிற அந்தக் கணமே குசினிக்கும் தொடர்பு நிற்கும். சுவரில் செருகும் வகையில் யூபிஎஸ் பூட்டவும் வழியில்லை. 12 வோல்ட் அடப்டரில் ஓடுகிற, மேசையில் வைக்கும் வகையை வாங்குவது நல்லது.

சிறிய யூபிஎஸ்ஸில் 8800 மில்லி அம்பியர் மணி என்று பெரிதாக எழுதியிருக்கும். அது 3.7 வோல்ட்டில் சொன்ன கணக்கு. பெருக்கினால் 32.5 வாட் மணி. ரவுட்டர் 8 வாட் இழுத்தால் கணக்கில் 4 மணித்தியாலம், நடைமுறையில் மூன்று, மூன்றரை. ஒரு வகுப்புக்கு அது தாராளம்.

வயற்கரை (பரந்தன்)

பேச்சைத் திசைதிருப்புவதற்கு மன்னிக்கவும். எங்கள் அண்ணா வீடு வயலுக்கு அந்தப் பக்கம், 300 மீற்றர் இருக்கும். இடையில் மரமே இல்லை. ஒரே இணைப்பை இரண்டு வீட்டுக்கும் எடுக்கலாமா? மெஷ் அவ்வளவு தூரம் போகுமா?

கரைச்சி_நெட்

மெஷ் போகாது. அதற்கு வெளியில் பூட்டும் திசை அன்டெனாப் பெட்டிகள் இருக்கின்றன. டிபி-லிங்க் சிபிஇ510 போன்றவை 5 கிகாஹெர்ட்ஸில் ஓடுபவை, ஒன்றையொன்று பார்த்தபடி இரண்டு கூரையிலும் பூட்டினால் வெறும் வயலுக்கு மேலால் 300 மீற்றர் இலகு. நெல்லும் மழையும் அந்தத் தூரத்தில் பெரிய தடையில்லை, ஒரு மரம் வளர்ந்து மறித்தால்தான் தடை. கம்பத்துக்கு நிலத்தொடுப்புக் கட்டாயம். பங்கிட முன் உங்கள் இணைப்பின் நிபந்தனைகளை வாசித்துப் பாருங்கள்.

பாலைநிழல்

வேம்படி அக்கா, என்ன முடிவெடுத்தீர்கள்? விறாந்தையில் வைத்துப் பார்த்தீர்களா?

வேம்படி

பார்த்தேன் தம்பி. விறாந்தையில் எக்ஸ்டெண்டர் வைத்ததும் குசினி அடுப்படியில் மைனஸ் 62, வேகம் 9, 10 வருகிறது. அம்மாவுக்குப் படம் நிற்பதில்லை. தேங்காய் துருவிக்கொண்டே தம்பியின் பிள்ளையைப் பார்க்கிறார், அது எனக்குப் பெரிய ஆறுதல். ஆனால் பின்னறையில் மைனஸ் 76க்கு மேல் ஏறவில்லை. கரைச்சி அண்ணா சொன்னதுபோல குசினித் தகரம்தான் மறிக்கிறது. எக்ஸ்டெண்டரை விறாந்தையின் கிழக்குத் தூணுக்கு மாற்றினேன், குசினியை விலத்திப் பின்னறை ஜன்னல் நேராகத் தெரிந்தது. மைனஸ் 71 வந்தது, அப்போது குசினி கெட்டது.

ஆகவே எக்ஸ்டெண்டரைக் குசினிக்கே விட்டுவிட்டு, பின்னறைக்கு ஃபைபர் புதைத்தோம். பழைய ரவுட்டர் அக்சஸ் பொயின்டாக ஓடுகிறது. மேசையில் மைனஸ் 48, வேகம் முன்வீட்டில் வருகிற அதே 20, 22. வகுப்பு நடுவில் அறுவது நின்றுவிட்டது. நேற்று இருபடிச் சமன்பாடு முழுவதையும் ஒரே மூச்சில் முடித்தோம். கெமராவை மூடி வைத்திருந்த பிள்ளைகள்கூடத் திறந்து கேள்வி கேட்டார்கள்.

இன்னும் இரண்டு விடயம். அம்மா முன்வீட்டில் இருந்து குசினிக்கு நடக்கும்போது போன் முன் ரவுட்டரையே விடாமல் பிடித்திருக்கிறது. மற்றது, மீடியா கன்வேர்ட்டருக்கு யூபிஎஸ் பூட்டலாமா? அதன் அடப்டர் 5 வோல்ட் என்கிறது.

கரைச்சி_நெட்

எப்போது மாறுவது என்று தீர்மானிப்பது போன்தான், ரவுட்டர் அல்ல. நல்ல மெஷ்ஷில் பெட்டிகள் போனுக்கு வழிகாட்டும், எக்ஸ்டெண்டரில் அந்த வசதி குறைவு. முன் ரவுட்டரின் அமைப்பில் 2.4க்கான ஒலிபரப்பு வலுவை நடுத்தரத்துக்குக் குறையுங்கள். குசினி வாசலில் அதன் சிக்னல் இளைத்தால் போன் தானாக எக்ஸ்டெண்டருக்குத் தாவும். குறைத்த பிறகு எக்ஸ்டெண்டருக்கு வருவது மைனஸ் 65க்குக் கீழே விழுகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள், விழுந்தால் ஒரு படி கூட்டுங்கள்.

முறிகண்டி_மின்

பூட்டலாம் தங்கச்சி. சிறிய யூபிஎஸ்கள் பலவற்றில் 12 வோல்ட் துளையோடு 5 வோல்ட் யூஎஸ்பி துளையும் இருக்கும். யூஎஸ்பியில் இருந்து உருளைமுனைக்கு வரும் வயர் ஒன்று வாங்கி அதில் கன்வேர்ட்டரை ஓட்டுங்கள். லேபிளில் எத்தனை அம்பியர் என்று பார்த்து, அந்தத் துளை அவ்வளவு கொடுக்குமா என்பதையும் பாருங்கள். இரண்டு முனையிலும் ஒவ்வொரு யூபிஎஸ் வேண்டும், முன்வீட்டுக் கன்வேர்ட்டர் நின்றாலும் பின்னறைக்கு ஒன்றும் வராது.

கவனம், ரவுட்டருக்குப் போகும் 12 வோல்ட் முனையும் கன்வேர்ட்டருக்குப் போகும் 5 வோல்ட் முனையும் பெரும்பாலும் ஒரே அளவு. இருட்டில் மாற்றிச் செருகினால் கன்வேர்ட்டர் அந்த இடத்திலேயே போய்விடும். 12க்கு சிவப்பு நாடா, 5க்கு வெள்ளை நாடா, வயரின் முனையிலும் பெட்டியின் துளைக்குப் பக்கத்திலும் இன்றைக்கே சுற்றி ஒட்டிவிடுங்கள்.